ரூஹ் அஃப்சா கம்பெனி யாருக்குச் சொந்தம்?

உங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல ரூஹ் அஃப்சா பாட்டில் இருக்கா? இல்லன்னாலும் பார்த்திருப்பீங்க. ரோஜா கலர் சிரப், பூப்படம் போட்ட லேபிள். நோன்பு மாசத்துல கல்மண்டபம் பக்கம் சாயங்காலம் ஆறு மணிக்குப் போனா, கஞ்சி வாளிக்குப் பக்கத்துல ஒரு பெரிய டப்பா நிறைய பால்ல கலந்து வெச்சிருப்பாங்க. நான் திருவொற்றியூர்க்காரன், ராயபுரத்துல இருக்கிற என் ப்ராஜெக்ட் பார்ட்னர் வீட்டுல நாலு வருஷமா அதைக் குடிச்சிருக்கேன். அந்தக் கம்பெனிக்கு ஓனர் யாருன்னு இந்த வருஷம் வரைக்கும் ஒரு தடவைகூட யோசிச்சதில்லை.

யோசிக்க வெச்சது எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்துல கடலுக்கடியில போற குழாயிலிருந்து அமோனியா கசிஞ்சு ஊரே ரோட்டுக்கு வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம்தான் நாங்க அமோனியா சென்சார் போர்டு செய்ய ஆரம்பிச்சோம். காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரிகளில் குளிரூட்ட ஓடுவதும் அமோனியாதானே, அங்கே விற்கலாம் என்று கணக்கு. ப்ராஜெக்ட் நல்லா வந்தது. கம்பெனியா ஆரம்பிக்கலாம் என்று பேச்சு வந்தவுடனே சண்டையும் வந்தது. நான் பேங்க் லோன் போடலாம் என்றேன். அவன் வட்டிக்கு வாங்க மாட்டேன் என்றான். லாபத்தில் ஒரு பங்கை ஆரம்பத்திலேயே பொதுக் காரியத்துக்கு எழுதி வைக்கணும் என்றும் சொன்னான். அப்படி எழுதி வெச்சா கம்பெனி எப்படிடா ஓடும், உலகத்துல எவன் அப்படி நடத்தியிருக்கான் என்று கேட்டேன். அவன் ஃப்ரிட்ஜைத் திறந்து அந்தப் பாட்டிலை எடுத்து மேஜைமேல வெச்சான்.

அன்னிக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சதுதான் இந்தக் கட்டுரை. பாட்டிலுக்குப் பின்னாடி இருக்கிற மனிதரின் பெயர் ஹக்கீம் அப்துல் ஹமீது. நம்மில் பெரும்பாலோர் பிறப்பதற்கு முன்பே, 1999-இல் இறந்துவிட்டார்.

கதை அவருடைய அப்பாவிடமிருந்து தொடங்குகிறது. ஹக்கீம் ஹாஃபிஸ் அப்துல் மஜீது என்ற யுனானி மருத்துவர் 1906-இல் பழைய டெல்லியில் ஒரு சின்ன மருந்துக்கடை திறந்தார். ஹம்தர்த் என்று பெயர் வைத்தார். பாரசீகத்தில் தர்த் என்றால் வலி. ஹம்தர்த் என்றால் வலியில் கூட இருப்பவன். ஒரு மருந்துக் கம்பெனிக்கு இதைவிட நல்ல பெயர் எனக்குத் தோணல.

அந்தக் காலத்து யுனானி மருத்துவம் எப்படி நடந்தது தெரியுமா? ஹக்கீம் நாடி பார்த்து ஒரு சீட்டு எழுதுவார். நீங்க அதை எடுத்துக்கிட்டு அத்தார் கடைக்குப் போகணும். அவர் வேர், விதை, பூ எல்லாவற்றையும் நிறுத்துப் பொட்டலம் கட்டுவார். வீட்டுல இடிச்சு, ஊறவெச்சு, கொதிக்கவெச்சு நீங்களே செஞ்சுக்கணும். ஒரு கடை வேர் மாதிரி இன்னொரு கடை வேர் இருக்காது. ஒருத்தர் கொதிக்கவெச்ச பதம் இன்னொருத்தர் பதம் ஆகாது. நம்ம பாஷையில் சொன்னா, ஒரே சர்க்யூட்டை ஒவ்வொருத்தரும் வேற வேற ரெசிஸ்டர் போட்டு வீட்டுலயே சால்டர் பண்ற மாதிரி. அப்துல் மஜீது அதை மாற்றினார். கடையிலேயே செய்து, பாட்டிலில் அடைத்து, ஒரே பெயரில் விற்றார். அப்படி வந்ததுதான் டெல்லி வெயிலுக்கான அந்தச் சிரப்.

சிரப் ஏன் கெட்டுப்போறதில்லைன்னு கெமிக்கல் டிபார்ட்மென்ட் மக்கள் சொல்லுவாங்க. எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை இருந்தால், கிருமி வளரத் தேவையான தண்ணீரை அந்தச் சர்க்கரையே பிடித்து வைத்துக்கொள்ளும். யுனானிக்காரர்கள் இந்தப் பதத்துக்கு கிவாம் என்று பெயர் வைத்து, கம்பி இழுத்துப் பார்த்தே கண்டுபிடித்தார்கள். பூக்களின் வாசத்தை நீராவியில் வடித்து இறக்கும் அரக் முறையும் அவர்களுடையதுதான். நாம லேபில் பார்க்கிற அலெம்பிக் என்ற வாலைப் பாத்திரத்தின் பெயரே அல் அன்பீக் என்ற அரபுச் சொல்தான். ஆக, நம்ம ஆள் பிறந்தது சர்பத் கடையில் இல்லை, ஒரு பழைய தொழில்நுட்பம் தொழிற்சாலையாக மாறிக்கொண்டிருந்த இடத்தில்.

1908 செப்டம்பர் 14 அவர் பிறந்த நாள். 1922-இல் அப்பா இறந்துவிட்டார். அப்போது மகனுக்குப் பதினாலு வயதுகூட நிரம்பியிருக்குமா என்பது சந்தேகம். கடைக்குட்டித் தம்பி முஹம்மது சயீதுக்கு இரண்டு வயது. கடையை மூடிவிட்டுப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அம்மா ராபியா பேகம் மூடவில்லை. பர்தா அணிந்த ஒரு விதவை, பத்துப் பதினைந்து வருஷ வயதே ஆன ஒரு வியாபாரம், தோளுக்கு வளராத மகன். இவர்கள் சேர்ந்து நடத்தினார்கள். ஹம்தர்தின் கதையை எழுதுகிறவர்கள் இந்த அம்மாவை ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது பிடிக்கல. நம்ம பக்கத்துல மீன் ஏலத்துல நின்னு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தின அம்மாக்களைப் பார்த்து வளர்ந்தவங்க நாம. அந்த அஞ்சாறு வருஷம் கடை நின்றிருந்தால் பிறகு எழுத ஒன்றும் இருந்திருக்காது.

மகன் வளர்ந்து பொறுப்பை முழுசா ஏற்றுக்கொண்டார். மருத்துவராக நோயாளிகளையும் பார்த்தார், முதலாளியாகத் தொழிலையும் பார்த்தார். அடுத்த இருபது வருஷத்தில் மருந்துக்கடை இந்தியா முழுக்கத் தெரிந்த கம்பெனியானது. கையால் இடித்தது இயந்திரத்துக்கு மாறியது. சாஃபி, சிங்காரா என்று பெயர்கள் கூடின.

பிறகு 1947.

டெல்லியில் அந்த செப்டம்பர் எப்படி இருந்தது என்று நாம் பள்ளிப் புத்தகத்தில் ஒரு பத்தி படித்திருப்போம். பழைய டெல்லி முஸ்லிம் குடும்பங்களில் ஏராளமானோர் கிளம்பிப் போனார்கள். ஹம்தர்த் குடும்பமும் இரண்டாகப் பிரிந்தது. தம்பி சயீது 1948 ஜனவரியில் கராச்சிக்குப் போனார். அங்கே ஒரு வாடகை அறையில் முதலிலிருந்து ஆரம்பித்தார். அண்ணன் டெல்லியிலேயே இருந்தார். அப்பா இறந்தபோது இரண்டு வயதாக இருந்த தம்பியை வளர்த்து, படிக்க வைத்து, தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் அவர். வழியனுப்பிய அன்று வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை நான் கற்பனை செய்து எழுதப் போறதில்லை.

இப்பதான் என் நண்பன் பாட்டிலை மேஜைமேல வெச்சதுக்கான காரணம் வருது. தம்பி போன அதே 1948-இல், நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த அப்துல் ஹமீது, கம்பெனி முழுவதையும் வக்ஃபு ஆக்கி எழுதி வைத்தார்.

வக்ஃபு என்றால் நமக்கு ஞாபகம் வருவது பள்ளிவாசல் நிலம், தர்கா கடைகள், இப்போதைய அரசியல் சண்டை. அடிப்படை விஷயம் எளிது. ஒரு சொத்தை வக்ஃபு செய்துவிட்டால் அது அப்புறம் உங்களுடையது இல்லை. இறைவனுக்கு உரியது என்று கருதப்படும். விற்க முடியாது, தானம் கொடுக்க முடியாது, பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்க முடியாது. அதிலிருந்து வரும் வருமானம் மட்டும் நீங்கள் எழுதிவைத்த காரியத்துக்குப் போகும். நிர்வாகம் பார்க்கிறவர் முத்தவல்லி, ஓனர் அல்ல. வருமானத்தில் குடும்பத்துக்கும் ஒரு பங்கு வைக்கலாமா என்பதில் பெரிய சட்டச் சண்டையே நடந்தது. 1894-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அப்படிப்பட்ட குடும்ப வக்ஃபை ஏற்காமல் தள்ளியது. 1913-இல் ஜின்னா கொண்டுவந்த சட்டத்துக்குப் பிறகுதான் அது திரும்பச் செல்லுபடியானது. ஹம்தர்த் பத்திரத்திலும் இரண்டும் இருந்தன. குடும்பத்துக்கு ஒரு பங்கு, பொதுக் காரியத்துக்குப் பெரும்பங்கு.

நிலத்தையோ கட்டடத்தையோ வக்ஃபு செய்வது சுலபம். நிலம் ஓடாது, போட்டி போடாது. அவர் செய்தது ஓடிக்கொண்டிருக்கும் தொழிலை. இயந்திரம், பிராண்ட் பெயர், ஃபார்முலா, நாளைக்கு வரப்போகிற லாபம், எல்லாம் சேர்த்து. டெல்லியில் அவருக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. ஹக்கீம் அஜ்மல் கான் நடத்திய ஹிந்துஸ்தானி தவாகானாவின் வருமானம் அவர் கட்டிய திப்பியா கல்லூரிக்குப் போனது. 1921-இல் காந்தி வந்து திறந்து வைத்த கல்லூரி அது.

இதைப் படிச்சப்போ எனக்கு வேற ஒருத்தர் ஞாபகம் வந்தார். மைக்ரோஸ்கோப் ரெசல்யூஷன் ஃபார்முலா எழுதின எர்ன்ஸ்ட் அப்பே. ஆப்டிக்ஸ் பேப்பர்ல அஞ்சு மார்க் கேள்வி. அவர் 1889-இல் ஜெர்மனியின் யேனாவில் ஒரு அறக்கட்டளையைத் தொடங்கி, கார்ல் சைஸ் கம்பெனியில் தன் பங்கையே அதற்கு எழுதிக் கொடுத்தவர். அவர் முஸ்லிமும் இல்லை, வக்ஃபு என்ற சொல்லைக் கேள்விப்பட்டும் இருக்க மாட்டார். இன்னொரு பொருத்தம் பாருங்க. போருக்குப் பிறகு சைஸ் கம்பெனியும் கிழக்கே யேனா, மேற்கே ஓபர்கோஹன் என்று இரண்டாகப் பிரிந்தது. ஹம்தர்தும் டெல்லி, கராச்சி என்று பிரிந்தது. தம்பியும் 1953-இல் தன் கம்பெனியை வக்ஃபு ஆக்கினார். பங்களாதேஷ் பிறந்த பிறகு டாக்காவில் மூன்றாவது ஹம்தர்த். மூன்று நாட்டிலும் ஒரே பெயரில் அதே சிரப்.

சிப்லாவைத் தொடங்கிய கே.ஏ. ஹமீது, விப்ரோவைத் தொடங்கிய ஹாஷிம் பிரேம்ஜி ஆகியோரை ஏன் எழுதலன்னு கேட்பீங்க. அவங்க பெரிய ஆளுங்கதான். ஆனா எங்க சண்டை, முஸ்லிம் ஆரம்பிச்ச கம்பெனி எதுன்னு இல்லை. நம்பிக்கை கம்பெனியின் பத்திரத்துக்குள்ளேயே இறங்கி, ஓனர் என்ற கட்டத்தில் என்ன எழுதணும் என்பதையே மாற்றிய கேஸ் இருக்கா என்பதுதான் கேள்வி.

சரி, பணம் எங்கே போனது? 1962-இல் மருத்துவ வரலாற்றுக்கும் ஆராய்ச்சிக்கும் ஒரு நிறுவனம். 1964-இல் லாபத்தைப் பிரித்துக் கொடுக்க ஹம்தர்த் நேஷனல் ஃபவுண்டேஷன். 1969-இல் நிஜாமுத்தீனில் காலிப் அகாடமி. 1972-இல் ஃபார்மசி கல்லூரி. பிறகு மஜீதியா மருத்துவமனை, அப்பா பெயரில். இப்னு சீனாவின் அல் கானூன் என்ற மருத்துவ நூலைப் பழைய பிரதிகளோடு ஒப்பிட்டுத் திருத்திப் பதிப்பிக்கும் வேலையை அவருடைய நிறுவனம் எடுத்துச் செய்தது. லாபமே வராத வேலை அது. துக்ளகாபாத் கோட்டைப் பக்கம் நிலம் வாங்கி, ஒவ்வொரு கட்டடமாக எழுப்பி, 1989-இல் ஜாமியா ஹம்தர்த் என்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக நின்றது. பிரதமர் ராஜீவ் காந்தி வந்து திறந்து வைத்தார். நாம ஒரு செமஸ்டர் முடிக்கிறதுக்குள்ள ஸ்டார்ட்அப் ஆரம்பிச்சு வித்துடணும்னு நினைக்கிறோம். அவர் வக்ஃபு எழுதின நாளிலிருந்து இதுக்கு நாற்பத்தோரு வருஷம்.

இவ்வளவு நடந்தபோதும் அவர் ஷெர்வானி போட்ட ஒரு எளிய ஹக்கீமாகவே இருந்தார். முதுமையிலும் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்த்தார். பத்மஸ்ரீ 1965, பத்மபூஷண் 1992.

ஆனால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றியதாகும். 1954-இல் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. குறிப்பிட்ட நோய்களை மருந்து குணமாக்கும் என்று விளம்பரம் செய்யக்கூடாது என்ற சட்டம். அதை எதிர்த்து உச்சநீதிமன்றம் போனது யார் தெரியுமா? ஹம்தர்த் தவாகானா. வழக்குக்கே அந்தப் பெயர்தான், லா காலேஜ் நண்பர்கள் யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. விளம்பரமும் பேச்சுரிமைதான் என்று வாதாடினார்கள். 1959 டிசம்பரில் தீர்ப்பு. சட்டத்தில் சில பகுதிகளை நீக்கிய நீதிமன்றம், வியாபார விளம்பரத்தை எல்லாம் கருத்துச் சுதந்திரம் என்று சொல்ல முடியாது என்று மீதியை நிலைநிறுத்தியது.

எனக்கு இதில் நீதிமன்றம் பக்கம்தான். யுனானி மருந்தை ஒட்டுமொத்தமாகப் போலி மருந்தோடு சேர்த்துப் பார்க்கிறார்கள் என்ற கோபம் அவர்களுக்கு இருந்திருக்கலாம். அது புரியுது. ஆனால் எது எவ்வளவு வேலை செய்யும் என்று விற்கிறவனே சொல்லிக்கொள்ளும் உரிமை கேட்பது வேற விஷயம். என் நண்பனிடம் இதைச் சொன்னபோது அவன் சண்டை போடல. நபிகள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த கதையைச் சொன்னான். மேலே காய்ந்திருந்தது, அடியில் ஈரம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டாராம் நபிகள். குறையை மறைத்து விற்பது ஏமாற்று. வக்ஃபு எழுதிய கம்பெனிக்கும் அந்த விதி உண்டு என்றான்.

அந்தக் கதை நேரா என் தலையிலயே விழுந்தது. எங்க போர்டுல இருக்கிறது எம்க்யூ-137 என்ற மலிவான டின் ஆக்ஸைடு சென்சார். காற்றில் ஈரம் ஏறினால் ரீடிங் தப்பும். கடலோர ஐஸ் ஃபேக்டரியில் ஈரம் இல்லாத நாளே கிடையாது. லேபில் ஏசி ரூமில் எடுத்த ரீடிங்கை வைத்து, துல்லியமானது என்று ப்ரோஷரில் போட்டிருந்தேன். நான்தான் போட்டேன். எங்க தானியத்திலும் ஈரம் அடியில்தான் இருந்தது, நிஜமாகவே ஈரம்.

ஹக்கீமின் கடைசி வருஷத்தைச் சொல்லிடறேன். கராச்சி போன தம்பி சயீது அங்கே பெரிய ஆளானார். பல்கலைக்கழகம் கட்டினார், சிந்து மாகாண ஆளுநராகவும் கொஞ்ச காலம் இருந்தார். 1998 அக்டோபர் 17 காலை, நோயாளிகளைப் பார்க்க வந்த அவரைத் தன் மருத்துவமனை வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். டெல்லியில் தொண்ணூறு வயது அண்ணனுக்குச் செய்தி வந்தது. தான் தூக்கி வளர்த்த தம்பி. அதற்குப் பிறகு ஒன்பது மாதம் இருந்தார். 1999 ஜூலை 22 அன்று இறந்தார்.

அவருக்குப் பிறகு எல்லாம் சுமுகமாகப் போனது என்று எழுத முடியாது. 2019 ரமலானில் ரூஹ் அஃப்சா கடைகளில் கிடைக்காமல் போனது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். குடும்பத்துக்குள் சண்டை என்று செய்தி வந்தது. மூலப்பொருள் பற்றாக்குறை என்று கம்பெனி சொன்னது. எது எப்படியோ, வித்துக் காசு பார்க்கலாம் என்ற கதவை அவர் 1948-லேயே மூடிவிட்டுப் போயிருந்தார்.

இதையெல்லாம் பார்க்க டெல்லி வரை போகவேண்டாம். ராயபுரம் மேற்கு மாதா கோயில் தெருவில் மத்திய அரசின் யுனானி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு. சர்ச்சுக்குப் போற தெருவில் ஹக்கீம்கள் நாடி பார்க்கிறார்கள். நான் ஸ்கூல் பஸ்ஸில் எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருக்கேன், போர்டைப் படிச்சதே இல்லை.

எங்க விஷயம் எங்கே நிற்குதுன்னு கேட்டா, லோன் போடல. அவனோட மாமா மண்ணடியில கடை வெச்சிருக்கார். அவர் முளாரபா முறையில் பணம் போடறேன்னு சொல்லியிருக்கார். பணம் அவருடையது, உழைப்பு எங்களுடையது. லாபம் வந்தால் பேசிவைத்த விகிதத்தில் பிரிப்பு. எங்கள் தப்பில்லாமல் நஷ்டம் வந்தால் அவருக்குப் பணம் போச்சு, எங்களுக்கு உழைப்பு போச்சு. மாசாமாசம் இவ்வளவு என்று நிச்சயமாக எதையும் அவர் கேட்க முடியாது. முதலில் கேட்டபோது இது ஏதோ பழைய காலத்து விஷயம்னு நினைச்சேன். அப்புறம் யோசிச்சா, ரிஸ்க்கைப் பங்கு போடற எந்த இன்வெஸ்டரும் இதைத்தானே செய்யறாங்க. பேங்க்தான் வேற மாதிரி. நாங்க தோத்தாலும் அதுக்கு வட்டி வரணும்.

லாபத்தில் பொதுப் பங்கு எவ்வளவு என்பதில் மட்டும் இன்னும் ஒத்துப்போகல. அவன் பாதி என்கிறான். எனக்கு எஜுகேஷன் லோன் இருக்கு, வட்டியோட. நான் பத்து சதவீதத்தில் நிற்கிறேன். அவங்க அத்தா, முதல்ல ஒரு போர்டாவது வித்துட்டு வந்து பங்கு பிரிங்கடான்னு சொல்லிட்டார்.

ப்ரோஷரை மாத்தி அடிச்சாச்சு. ஈரப்பதம் இவ்வளவுக்கு மேல போனால் ரீடிங் இவ்வளவு தப்பும்னு முதல் பக்கத்துலயே ஒரு டேபிள். அடுத்த வாரம் காசிமேட்டுல ஒரு ஐஸ் ஃபேக்டரிக்காரர் ஒரு ராத்திரி முழுக்கப் போர்டை மாட்டிப் பார்க்க விட்டிருக்கார். டேபிள்ல இன்னும் நாலு கட்டம் காலியா இருக்கு, அங்கே போய்த்தான் நிரப்பணும்.